இரண்டரையாவது வரிசை

நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க டொமைன் என்ன?" என்பது.

"எந்த ஃபங்ஷனுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று என் விண்ணப்பத்தில் குறித்துக்கொண்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் நிஜமாகத்தான் கேட்டேன். அல்சூர் பக்கத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் நடக்கும் ஒரு சின்ன பி.யு. கல்லூரியில் ஒன்பது வருடம் கணக்கு நடத்தியவளுக்கு டொமைன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது கணக்கில் வரும் சார்புக்குள், எந்தெந்த எண்களைப் போடலாம், எவற்றைப் போடக்கூடாது என்கிற பட்டியல். அந்த வருடங்களில் பெங்களூரில் அந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு அர்த்தங்கள் முளைத்திருந்தன. வங்கியா, இன்சூரன்ஸா, எந்தத் தொழில் உங்களுக்குத் தெரியும் என்பது ஒன்று. இன்டர்நெட்டில் உங்கள் விலாசம் என்ன என்பது இன்னொன்று. மர்பி டவுனில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர்கூடத் தன் கடைப் பெயரில் ஒரு டொமைன் பிடித்து வைத்திருந்தார். கடையில் அப்போது போன் கிடையாது.

வேலை கிடைத்துவிட்டது. ஓசூர் சாலையில் பொம்மசந்திராவுக்குச் சற்று முன்னால், கீழ்த்தளத்தில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை, மேலே இரண்டு மாடியில் நாங்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் தயாரிப்பது எங்கள் தொழில். பிள்ளை அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கே நாங்கள் எழுதிய பாடம் பேசும், ஆடும், கைதட்டும். கீழே லேத் ஓடும்போதெல்லாம் எங்கள் மேசைகள் லேசாக நடுங்கும். குரல் பதிவு செய்யும் பெண், பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் அமெரிக்க உச்சரிப்பில் பேசுவாள்.

எனக்கு ஒதுக்கப்பட்ட முதல் பாடம்: கூட்டுத் தொடருக்கும் பெருக்குத் தொடருக்கும் டொமைன் கண்டுபிடிப்பது. மொத்தம் பதினொரு திரைகள்.

விஷயம் இவ்வளவுதான். ஐந்து, எட்டு, பதினொன்று என்று ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத் தொடர். பதினாறு, எட்டு, நான்கு என்று ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டோ வகுத்துக்கொண்டோ போனால் பெருக்குத் தொடர். இரண்டிலும் முதலாவது எது, இரண்டாவது எது, நூறாவது எது என்று கேட்கலாம். இரண்டரையாவது எது என்று கேட்க முடியாது. அப்படி ஒரு இடமே கிடையாது. கேட்கக்கூடிய இடங்கள் எவையோ அவைதான் டொமைன். வரைபடம் போட்டால் தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதை மதிப்பகம் என்று போட்டிருப்பதாக ஒரு தோழி சொன்னாள். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெரிய மதிப்பு எதுவும் இருக்கவில்லை.

இந்த விஷயத்துக்கு நான்கு மாதம் ஆனது.

பாடத்துக்குப் படம் வரைய என்னோடு சேர்த்துவிடப்பட்டவர் கோலார் தங்க வயல்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுரங்க அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வரைபடம் போட்டவர். சுரங்கத்தை மூடியதும் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு இங்கே வந்திருந்தார். வாரநாட்களில் மர்பி டவுனில் மச்சினன் வீட்டில் தங்குவார், சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போவார். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் கம்பெனி வேனுக்குக் காத்திருப்போம். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை, என்ன சொல்லியும் கேட்காமல், மேடம் என்பார்.

என் பாடத்தில் இரண்டு உதாரணங்கள். ஓர் அரங்கத்தில் முதல் வரிசையில் பன்னிரண்டு நாற்காலிகள், அடுத்தடுத்த வரிசையில் மும்மூன்று கூடுதல். இது கூட்டுத் தொடர். பதினாறு அடி உயரத்திலிருந்து விடப்படும் பந்து ஒவ்வொரு தடவையும் பாதி உயரத்துக்கு எழும்புகிறது. இது பெருக்குத் தொடர். அண்ணன் இரண்டு வரைபடங்களையும் ஒரே நாளில் முடித்துக் குழுக் கூட்டத்தில் காட்டினார். அழகாக இருந்தன. புள்ளிகளை எல்லாம் சேர்த்து ஒரு கோடு போட்டிருந்தார். அரங்கத்துக்கு நேர்க்கோடு, பந்துக்கு நல்ல வளைகோடு.

"அண்ணா, இந்தக் கோடு வேணாம். புள்ளி மட்டும் போதும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மேடம் இப்படிச் சொல்றீங்க? புள்ளி வெச்சா சேக்கணும். சேக்காம வுட்டா எங்க ஆபீஸ்ல சார்ஜ் ஷீட் குடுப்பாங்க. சர்வே பாயின்ட்ட சேக்காம ப்ளான் அனுப்பினா, கீழ இருக்கறவன் எந்தப் பக்கம் தோண்டுவான்?"

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவரை அறிமுகப்படுத்த வேண்டும். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம், கோபம் வந்தால் மூன்றும். எங்களிடம் வரும் முன் சோப்பு விற்பனையில் இருந்தவர். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். ஆனால் கணக்குப் பாடத்தையும் சோப்பையும் அவர் ஒரே மாதிரிதான் பார்த்தார். உறை பளபளவென்று இருக்க வேண்டும்.

"கோடு இருக்கட்டும் கண்ரீ," என்றார் கன்னட மரியாதையோடு. "வெறும் புள்ளி வெச்சா, பாதி வேலைதான் பண்ணிருக்கோம்னு க்ளையண்ட் நினைச்சுப்பார்."

"சார், கோடு போட்டா நடுவுல இருக்கற எல்லா இடத்துக்கும் மதிப்பு இருக்குன்னு ஆயிடும். இரண்டரையாவது வரிசையில எத்தனை நாற்காலின்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதான் பால்கனி."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்ததுதான் தப்பு. எல்லோரும் ஒத்துக்கொண்டதாக அன்றைய கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது.

மறுநாள் நானே அண்ணனிடம் கெஞ்சிக் கோட்டை அழிக்க வைத்தேன். அப்போது தரப் பரிசோதனைக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். பிழைப் பட்டியல் என்று ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கும். அதில் சிவப்பு எழுத்தில் வந்தது: "புள்ளிகள் இணைக்கப்படவில்லை. பிழையின் தன்மை: மிகத் தீவிரம்." நான் கீழே, "இது பிழை அல்ல, பாடமே இதுதான்" என்று எழுதி அந்தப் பதிவை மூடினேன். அவர்கள் திறந்தார்கள். நான் மூடினேன். ஏழு தடவை இப்படி நடந்தது. எட்டாவது தடவை மேனேஜர் எனக்குத் தெரியாமல் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லி, கோடு திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை அது ஊதா நிறத்தில் மின்னியது.

எனக்கு ஆத்திரம். ஒன்பது வருடமாக இந்த விஷயத்தை வகுப்பில் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனவள்தான் நானும். கல்லூரியில் யாரும் அதைக் கேட்டதில்லை, தேர்விலும் வராது. இப்போது அதற்காக ராஜினாமா கடிதம் எழுதும் அளவுக்கு ஏன் ரோஷம் வந்தது என்று எனக்கே புரியவில்லை. கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு கோட்டுக்காகவா?" என்றார். "கோடு இல்லாததுக்காக," என்றேன். அவர் பேப்பரை மடக்காமல் அப்படியே படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை வேன், சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல் நின்றுவிட்டது. அண்ணன் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். கோடு திரும்ப வந்ததிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பேச்சை ஆரம்பிப்பதற்காக, சுரங்கத்தில் கீழே இறங்கியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"எறங்காம? அளவெடுக்கப் போவோமே. கூண்டுல போவணும். லிஃப்ட் மாதிரிதான், ஆனா சுத்தி கம்பி. ஒவ்வொரு லெவல்லயும் நிக்கும். மணி அடிப்பாங்க, எந்த லெவல்னு அத்த வெச்சுத் தெரியும்."

"லெவலுக்கும் லெவலுக்கும் நடுவுல?"

"நடுவுல இன்னா கீது? பாறைதான். அங்க எறங்கறதுக்கு இடமே கெடையாது. நடுவுல கூண்டு நின்னா, அது ஆக்சிடென்ட் மேடம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் நகர்ந்து, பொம்மனஹள்ளி தாண்டியது. பிறகு மெல்லத் திரும்பினார்.

"நீங்க சொன்னது இதுவா?"

"இதுதாண்ணா."

"மொதல்லயே கூண்டுன்னு சொல்லிருந்தா புரிஞ்சிருக்குமில்ல? நாற்காலி கீற்காலின்னுகினு."

அன்று அலுவலகம் போனதும் முதல் வேலையாக இரண்டு வரைபடத்திலிருந்தும் கோட்டை எடுத்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. பிழைப் பட்டியலில் தானே போய்த் தன் பெயரில் ஒரு வரி எழுதினார்: "நடுவில் இறங்க இடம் இல்லை." பரிசோதனைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரியவில்லை என்று எழுத அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. பிழை மூடப்பட்டது. என் கடிதத்தை அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்து, எண்ணெய் வழியாமல் பார்த்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். மீதி இரண்டு மாதத்தைப் பூஜ்யம் தின்றது.

அரங்கத்துக்கு டொமைன் ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தேன். முதல் வரிசை முதல் வரிசைதானே. பந்துக்குப் பூஜ்யத்திலிருந்து. பந்து இன்னும் தரையைத் தொடாதபோது பதினாறு அடியில் இருக்கிறது, அதுவரை எழும்பியது பூஜ்யம் தடவை. முதல் தடவை எழும்பினால் எட்டடி. எதை எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துத் தொடக்கம் மாறும். எனக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. மேனேஜர் இரண்டு திரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரே பாடத்துல இங்க ஒண்ணு, அங்க ஜீரோவா? கன்ஸிஸ்டென்ஸி எங்கே? நாளைக்கு ஆடிட்டுக்கு வரவன் கேப்பானே. எதையாவது ஒண்ணை முடிவு பண்ணுங்கோ."

முடிவு பண்ணக் கூட்டம் போடப்பட்டது. பாடத்தைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் ப்ரோக்ராமர்கள் அனைவரும் ஒருமனதாகப் பூஜ்யத்தின் பக்கம் நின்றார்கள். அவர்கள் தொழிலில் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்களாம். காபி டம்ளரைக்கூட அப்படித்தான் எண்ணுவோம் என்று அவர்களில் ஒருவன் பெருமையாகச் சொன்னான். என்னைத் தவிர முன்னாள் ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றின் பக்கம். பூஜ்யமாவது மாணவன் என்று வருகைப் பதிவேட்டில் எவனாவது இருக்கிறானா என்று கேட்டார்கள். மொழி திருத்துபவர் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி, அரையிலிருந்து தொடங்கலாமே என்றார். கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு ஐந்து கை, பூஜ்யத்துக்கு ஐந்து கை. மேனேஜர் தன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சாப்பாட்டு ஹாலில் பூஜ்யக்காரர்கள் ஜன்னலோரம், ஒன்றுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியோரம் என்று உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு ப்ரோக்ராமரின் பிறந்தநாள் கேக்கை ஒன்றுக்காரர்கள் தொடவில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. சக ஊழியர்களின் எண்ணும் முறையை மதிக்குமாறும், உணவு வேளையில் எண்கள் பற்றிப் பேசுவதைத் தவிர்க்குமாறும் அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டுமே சரி என்று சொன்னவள் என்பதால் இரண்டு பக்கமும் எனக்கு இடம் இல்லை. அண்ணனோடு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"உங்க சுரங்கத்துல மேல்மட்டம் பூஜ்யமா, ஒண்ணாண்ணா?" என்று அவரிடமும் கேட்டுவைத்தேன்.

"மேல இருக்கறத நாங்க எண்ணவே மாட்டோம் மேடம். மேல நிக்கறவன்தான் எறங்கவே இல்லியே."

மேனேஜரின் அறை மேல்மாடியில் இருந்தது. அண்ணன் அதை நினைத்துச் சொன்னாரா என்று தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் க்ளையண்டையே கேட்டுவிடுவது என்று முடிவானது. மாலை ஏழு மணிக்குக் கூட்ட அறையில் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் அவர்களுக்கு விடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பேசியவர் க்ளையண்டுக்காகப் பாடங்களைச் சரிபார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியை. குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பின்னணியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மேனேஜர் ஐந்து நிமிடம் முன்னுரை சொன்னார். தரம், ஒருமைப்பாடு, உலகளாவிய நடைமுறை எல்லாம் வந்தன. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரங்கத்துக்கு ஒன்று, பந்துக்குப் பூஜ்யம், ஏன் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்துப் பேர் இரண்டு மாதமாகச் செய்த யுத்தம் அந்தப் போன் பெட்டிக்குள் போய் அடங்கிவிட்டது.

பிறகு அவர், "வரைபடத்தில் புள்ளிகளைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். முக்கால்வாசிப் பேர் கோடு போட்டுவிடுவார்கள்," என்றார்.

மேனேஜர் போனை நோக்கிக் குனிந்தார். "அது நாங்கள் ரொம்ப யோசித்து எடுத்த முடிவு," என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அவர் நடிக்கவில்லை. அந்த நொடியில் அவர் அதை மனதார நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் அண்ணன் தன் பென்சில் முனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே கண்ணும் கலங்கியது. தண்ணீர் குடித்தேன்.

அந்த வருடம் மதிப்பீட்டில் எங்கள் பாடம் சிறந்த பாடமாகத் தேர்வானது. மேனேஜருக்குக் கண்ணாடியில் செதுக்கிய ஒரு கோப்பை கிடைத்தது. அண்ணனின் மதிப்பீட்டுத் தாளில், "திறமையானவர், ஆனால் சில சமயம் தன்னிச்சையாக முடிவெடுக்கிறார்" என்று இருந்தது. எடுத்த முடிவு எது என்று யாரும் எழுதவில்லை. என் தாளில், சிறு விஷயங்களுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதாக இருந்தது. அது உண்மைதான் என்பதால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஜூனில் நான் பழைய கல்லூரிக்கே திரும்பிவிட்டேன். அண்ணன் அங்கேயே தொடர்ந்தார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். க்ளையண்ட் கம்பெனி கைமாறிவிட்டதாம். புது ஆட்கள் எல்லாப் பாடத்தையும் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். புள்ளி மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கிறது, கோடு போட்டு அது ஓடுகிற மாதிரி செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டேன் மேடம். அங்க எறங்க இடம் இல்ல, நான் போடமாட்டேன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பக்கத்து சீட்டுப் பொண்ணு போட்டுக் குடுத்துச்சு. நல்லாத்தான் போட்ருக்கு, பச்சக் கலர்ல. கோடு சுத்தமாக் கீது."

பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகவும், வரனாக வந்திருக்கும் பையன் நல்ல கம்பெனியில் இருக்கிறான், ஆனால் எவ்வளவு கேட்டும் என்ன வேலை என்றுதான் விளங்கவில்லை என்றும் சொன்னார். விளங்காவிட்டால் கம்ப்யூட்டர் வேலையாகத்தான் இருக்கும், தைரியமாக மேலே பேசுங்கள் என்றேன். சரி மேடம் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.